விளிம்பில் பிடித்த காசு

பழைய காசைத் தேய்த்து மினுக்குகிறவர்களை நான் வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறேன். ஒருமுறை என் மனைவி, நல்லெண்ணத்தோடுதான், நான் சேர்த்து வைத்திருந்த பழைய கனடியச் செப்புச் சதக்காசுகள் பன்னிரண்டையும் திருநீறு போட்டுக் குத்துவிளக்கு மாதிரி மினுக்கி வரிசையாக அடுக்கி வைத்தாள். அன்று நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக் கிரேக்கக் கிழவர் மேலே ஏறிவந்து, ஏதும் நெருப்புப் பிடித்துவிட்டதா என்று கேட்டார். "விசர் மனுசன், அழுக்கை எடுத்ததுக்கு ஏன் இந்தக் குதி குதிக்குது" என்று அவள் மூன்று நாள் என்னோடு முகம்கொடுத்துக் கதைக்கவில்லை. தேய்க்கிறவர்கள், ஓட்டை போட்டுக் கழுத்தில் கட்டுகிறவர்கள், உருக்குகிறவர்கள், இவர்களெல்லாம் மனிதர்களா என்று கேட்ட வாய் என்னுடையது. அதே வாயால்தான் இதையும் சொல்லவேண்டியிருக்கிறது.

நான் கனடாவில், பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடியில் இருக்கிறேன். புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் வேலை. முப்பது வருடமாக நாணயம் சேர்க்கிறேன். சேர்க்கிறேன் என்றால் பெரிதாக நினைக்கவேண்டாம். சதங்கள், வெள்ளி ஐந்து சதங்கள், தேய்ந்துபோன சில பிரித்தானியக் காசுகள், அவ்வளவுதான். பொன் காசு ஒன்றுகூட இல்லை. ஆனால் பொன் காசுகளைப் பற்றி என்னிடம் கேட்டால் பஸ் கடைசித் தரிப்புக்குப் போய்ச் சேரும்வரை கதைப்பேன். ஊர்ச்சனம் எனக்கு வைத்த பட்டம் "செல்லாக்காசு அண்ணை". முதலில் கோபம் வந்தது. பிறகு பழகிவிட்டது என்று சொல்வேன், ஆனால் பழகவில்லை.

என்னைப் பைத்தியமாக்கியது அமெரிக்காவின் பழைய புரூஃப் பொன் காசுகள். புரூஃப் என்றால் கடையில் கொடுத்து மாற்றுவதற்கென்று அடித்த காசு அல்ல. அச்சையும் மினுக்கி, வெறும் பொன் தகட்டையும் மினுக்கி, அவசரமில்லாமல் அழுத்தி எடுத்து, கேட்டு வந்த ஒரு சில சேகரிப்பாளருக்குக் கொடுத்தது. அதன் வெளி, அதாவது உருவத்தைச் சுற்றியுள்ள வெறும் பரப்பு, கண்ணாடியாக இருக்கும். நடுவிலுள்ள பெண்தலை பனி படிந்ததுபோல் மங்கலாக இருக்கும். கொஞ்சம் சரித்தால் வெளி கறுத்துவிடும், தலை மட்டும் பொன்னாக எழுந்து நிற்கும். ஆயிரத்து எண்ணூறுகளின் நடுப்பகுதிவரை பொன்னில் இப்படி எத்தனை அடித்தார்கள் என்று நாணயச்சாலைக்காரரே ஒழுங்காக எழுதி வைக்கவில்லை. அந்தச் சிலதிலும் பல, தெரியாதவர்களின் கையில் அகப்பட்டு, சாதாரண காசோடு காசாகச் செலவழிந்து போயின. மிச்சத்தில் எத்தனையோ உருகிப் போயின.

ஒரேயொரு தடவைதான் ஒன்றைக் கிட்ட நின்று பார்த்தேன். நகரத்து விடுதி ஒன்றின் நிலக்கீழ் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் நாணயச் சந்தையில், ஒரு வயோதிப வியாபாரி கையுறை போட்டுக்கொண்டு எனக்காக அதை விளக்கின் கீழ் மெல்லச் சரித்துக் காட்டினார். கறுத்தது, பிறகு ஒளிர்ந்தது. "இதை அழித்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, பக்கத்தில் காசைப் பற்றித் தெரிந்த ஒருவர் இல்லாமல் போய்விட்டார், அவ்வளவுதான்" என்றார் அவர். நான் அன்று வழி முழுக்க மெட்ரோவில் அந்தத் தெரியாதவர்களைத் திட்டிக்கொண்டு வந்தேன்.

இனி என் நண்பனைப் பற்றிச் சொல்லவேண்டும். நாடு விட்டு வந்த புதிதில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே அறையில், ஒரே ஹீட்டருக்குக் கால் நீட்டிப் படுத்தவர்கள். என்னைவிட நான்கு வயது இளையவன். இன்றும் இரண்டு பேருக்கும் ஒரே பண்டகசாலை, ஒரே பஸ். ஆள் நல்லவன், வாய்தான் சும்மா இருக்காது. அவனுக்குப் பகிடி விடாமல் சோறு செமிக்காது, அந்தப் பகிடிக்கு எப்போதும் நான்தான் அகப்படுவேன்.

புவாண்ட்-கிளேரில் ஏரிக்கரை வீடொன்றில் தனியாக இருந்த ஓர் ஆங்கிலக் கிழவிக்கு அவன் வேலை முடிந்து பனி அள்ளிக் கொடுத்து வந்தான். ஒரு மாரி இரண்டு மாரி இல்லை, பதினொரு மாரி. அவ முதியோர் இல்லத்துக்குப் போகும்போது அவனைக் கூப்பிட்டு, தன் பாட்டனுடையது என்று ஒரு சின்னத் தோல் பெட்டியைக் கையில் கொடுத்திருக்கிறா. உள்ளே ஒரு பொன் காசு. அவன் மனைவி காசைப் பட்டுத்துணியில் சுற்றிச் சாமித் தட்டில் வைத்துவிட்டாள். இவ்வளவும் எனக்குத் தெரியாது. என்னிடம் சொன்னால் நான் அவனை இருத்தி ஒரு மணித்தியாலம் விளக்கம் சொல்லிக் கொல்லுவேன் என்று பயந்திருப்பான். அதுவும் நியாயம்தான்.

போன வருடம் அவனுடைய மகனுக்குக் கலியாணம் நிச்சயமானது. அதற்கு முதல் ஒரு சம்பந்தம் கிட்ட வந்து குழம்பிப் போயிருந்தது. அதனால் அவன் மனைவி எதற்கெடுத்தாலும் சகுனம் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஆட்களின் கலியாணத்தில் தாலிக்கு நகைக்கடையில் போய்ச் சும்மா பொன் வாங்கிவிட முடியாது. நாள் பார்த்து, மாப்பிள்ளை வீட்டில் பிள்ளையாருக்கு முன்னால், இரண்டு பகுதிச் சொந்தக்காரரும் பார்த்திருக்க, பத்தர் ஒரு பொன் காசை உருக்கவேண்டும். அந்த உருகிய பொன்னில்தான் தாலி. பொன்னுருக்கல் என்போம். எங்கள் அப்பாமார் காலத்தில் ராசா தலை போட்ட பவுனை உருக்கினார்கள். இங்கேயும் யாராவது ஒரு பவுனைத் தேடிப் பிடித்துவிடுவார்கள்.

பொன்னுருக்கலுக்கு இரண்டு கிழமைக்கு முன் ஒரு பிறந்தநாள் விழா. மண்டபம் நிறையச் சனம். என் நண்பன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "அண்ணையிட்டைக் காசு கேளுங்கோ, அள்ளித் தருவார். என்ன, ஒண்டும் கடையிலை செல்லாது!" என்றான். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. மகனுக்கு நிச்சயித்த பெண் பகுதியாரும் சிரித்ததைக் கண்டேன். நான் கேக்குக்கூட வாங்காமல் எழும்பி வந்துவிட்டேன். இந்த வயதில் கேக்கோடு கோபிக்கிற ஆள் வேறு யாரும் இருப்பார்களோ தெரியாது.

மூன்றாம் நாள் அவன் தொலைபேசியில் வந்தான்.

"அண்ணை, என்னட்டை ஒரு அமெரிக்கன் பொன் காசு கிடக்கு. அஞ்சு டொலர் எண்டு போட்டிருக்கு. பழசு. பொன்னுருக்க எடுக்கலாமோ, இல்லாட்டி வைச்சிருக்க வேண்டிய சாமானோ?"

அவன் கேட்ட கேள்வி சரியான கேள்வி. இதைவிடச் சரியாக யாரும் கேட்கமுடியாது. அந்த ஐந்து டொலர்க் காசு எடையில் எங்கள் பவுனுக்குக் கிட்டத்தட்டச் சமன். லட்சக்கணக்கில் அடித்தது, எந்தக் கடையிலும் தட்டு நிறையக் கிடக்கும். ஆனால் அதிலும் ஒரு சில புரூஃப் உண்டு, கண்ணால் பார்த்தால்தான் தெரியும். இதெல்லாம் எனக்கு நித்திரையிலும் வரும். கொண்டுவந்து காட்டு என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவனே சொன்னான், "பின்னேரம் கொண்டுவந்து காட்டட்டோ?"

"உருக்கிற காசை நான் ஏன் பாக்கவேணும்?" என்றேன். "உது என்ன பெரிய காசே, ஊரெல்லாம் கிடக்கு. உருக்கு, போ. நான் செல்லாக்காசு பாக்கிற ஆள்தானே."

அவன் சிரித்தான். "அண்ணை இன்னும் கோவமோ? சரி, அப்ப உருக்குறம். நீங்கள் கட்டாயம் வரவேணும், ஓம்?" என்று வைத்துவிட்டான். நான் அவனுக்கு நன்றாகக் கொடுத்துவிட்டேன் என்ற சந்தோசத்தில் தேத்தண்ணி போட்டுக் குடித்தேன்.

பொன்னுருக்கல் ஒரு சனிக்கிழமை காலை. அவன் வீட்டு ஹோல் சின்னது, சனம் நிறைய. நிறைகுடம், குத்துவிளக்கு, மஞ்சளில் பிடித்த பிள்ளையார், தட்டம் தட்டமாகப் பழம். ரொறன்ரோவிலிருந்து பெண் பகுதியார் விடியவே வந்திருந்தார்கள். பத்தர் சின்னக் காஸ் சூட்டுக் குழாயோடும், பொன் உருகத் தூவும் வெங்காரத்தோடும், மண் கிண்ணத்தோடும் ஒரு மூலையில் இருந்து ஆயத்தம் செய்தார். எனக்குத் தந்த பொறுப்பு புகை அலாரம். பத்தர் மூட்டுகிற நேரம் அது கத்தினால் அபசகுனம் என்று அவன் மனைவி பயந்தாள். "அண்ணை, நீங்கள்தான் உயரம், அதின்ரை பற்றரியைக் கழட்டிவிடுங்கோ" என்றாள். நான் கதிரையில் ஏறிக் கழட்டினேன். அந்த இரண்டு பற்றரியும் என் சட்டைப் பையில் கிடந்தன.

நல்ல நேரம் தொடங்கிற்று. காசைத் தட்டத்தில் வைத்து, உருக்குமுன் எல்லாரும் தொட்டு ஆசீர்வதிக்கவென்று சபையில் கொண்டு வந்தார்கள். பெரியவர்கள் ஒவ்வொருவராகத் தொட்டார்கள். எனக்கு முன்னால் தட்டம் வந்து நின்றது.

பார்த்தேன். தட்டத்திலிருந்து அதை எடுத்தேன். எடுத்தது விரல் பழக்கம். இரண்டு விரலால் விளிம்பில் பிடித்தேன். ஜன்னல் பக்கமிருந்து வெளிச்சம் வந்தது. சரித்தேன். வெளி கறுத்தது. பெண்தலை எழுந்து நின்றது. சுற்றியிருந்த நட்சத்திரம் ஒவ்வொன்றிலும் நடுக்கோடுகள் வெட்டிவிட்டதுபோல் தெரிந்தன. விளிம்பு செதுக்கினது மாதிரிச் சதுரமாக நின்றது. அடியில் ஆண்டு. அதை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது விலையைத் தேடிப் பார்த்து எனக்குச் சொல்லுவார்கள். ஐயோ கடவுளே, பட்டுத்துணிக்குள் இருந்தபடியால் அதில் ஒரு கீறல்கூட இல்லை.

"பாருங்கோ பாருங்கோ," என்றான் என் நண்பன் பெண் பகுதியாரிடம், "உருக்கப்போற காசையும் அண்ணை விளிம்பிலைதான் பிடிக்கிறார்!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே காசைத் தட்டத்தில் வைத்தேன். தட்டம் அடுத்தவரிடம் போயிற்று.

அந்த நேரத்திலிருந்து பத்தர் குழாயை மூட்டும்வரை மூன்று நிமிடம் இருக்கும். அந்த மூன்று நிமிடத்தைப் பற்றி எனக்கு நானே நிறையச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பொன்னுருக்கலில் நிறுத்து என்று சொல்வது நல்லதில்லை. நல்ல நேரம் போய்விடும். ஒரு சம்பந்தம் ஏற்கெனவே குழம்பிய வீடு, அந்தத் தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது. எல்லாம் உண்மை, எல்லாம் சாட்டு. பத்தரிடம் வேறு பவுன் இருந்திருக்கும். ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையைச் சொன்னால், பார்க்காமலே உருக்கு என்று சொன்னது நான்தான் என்பது சபைக்குத் தெரியவரும். இனி அண்ணைக்கு நல்ல காசும் தெரியாதாம் என்று அவன் சாகும்வரை சொல்லிச் சிரிப்பான். அதுதான் என் வாயைக் கட்டியது.

அதைவிடக் கேவலமான ஒன்றும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதத் தேவையே இல்லை. எனக்குப் பொறாமை. முப்பது வருடம் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியில் நின்று பார்த்தவன் நான். இவன், என் காசுகளைப் பகிடி பண்ணினவன், சாமித் தட்டில் கற்பூரத்துக்குப் பக்கத்தில் அதை வைத்திருந்திருக்கிறான். எனக்கு வராதது இவனுக்கும் இல்லாமல் போகட்டும் என்று மனதுக்குள் ஒன்று சொன்னது. கன நேரமில்லை, ஒரு மூச்சு விடுகிற நேரம். ஆனால் சொன்னது.

பத்தர் வெங்காரத்தைத் தூவினார். நீலச் சுவாலை கிண்ணத்துக்குள் குனிந்தது. முதலில் கண்ணாடி வெளி மங்கியது. பிறகு நட்சத்திரங்கள். பெண்ணின் முகம் கடைசிவரை நின்றது, பிறகு அதுவும் சரிந்து, ஒரு சொட்டாக உருண்டு நடுங்கியது. தேங்காய் உடைத்தார்கள். "வடிவா உருண்டையா வந்திருக்கு, நல்ல சகுனம்" என்று ஒரு அம்மா சொன்னா. நண்பனின் மனைவி கண்ணைத் துடைத்தாள். நான் கதிரையில் ஏறிப் பற்றரிகளைத் திரும்பப் போட்டேன். இரண்டு தரம் கீழே விழுத்தினேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் என் மனைவி, "என்னப்பா, முகம் செத்துப்போய்க் கிடக்கு?" என்றாள். புகை என்றேன்.

பிறகு நான் அவன் கண்ணில் படாமல் ஒளிக்கத் தொடங்கினேன். கலியாணத்துக்குப் போய்த் தாலி கட்டும் நேரம் அட்சதையைப் போட்டுவிட்டு, பந்திக்கு இருக்காமல் திரும்பினேன். வேலைக்கு ஒரு பஸ் முந்திப் போனேன். சாப்பாட்டு நேரத்தை மாற்றிக் கேட்டேன். இரவல் வாங்கிய நாணயப் புத்தகத்தை நூலகத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தேன். சதங்களின் அல்பத்தை அலுமாரியில் மேலே ஏற்றிவிட்டேன். "மெய்யே, செல்லாக்காசுக்கு என்ன நடந்தது?" என்று மனைவி கேட்டாள். அவளோடும் எரிந்து விழுந்தேன். அவள் பாவம், என்ன செய்தாள்.

ஐந்தாறு மாதம் கழித்து, தக்காளி மலிகிற காலம், ஜான்-டலோன் சந்தையில் என்னைப் பிடித்துவிட்டான். நான் சோளம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து தோளில் கை விழுந்தது.

"அண்ணை, நான் என்ன பிழை செய்தனான்? அந்தக் கேக்கிலை இருந்து இன்னும் கோவமோ? பகிடிக்குச் சொன்னது அண்ணை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்டான். சோளத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவன் தன் ஜக்கெற்றுக்குள்ளிருந்து ஒரு சின்னத் தோல் பெட்டியை எடுத்தான். "இதை உங்களிட்டைத் தரவெண்டு எத்தினை கிழமையாக் கொண்டு திரியிறன். அந்தக் காசு இருந்த பெட்டி. உங்களுக்கு விருப்பமாயிருக்குமெண்டு நினைச்சன்."

திறந்தேன். உள்ளே நீல வெல்வெற்றில் வட்டமாக ஒரு பள்ளம்.

"உண்மையைச் சொன்னால் அண்ணை," என்றான், "அந்த மனுசி தரேக்குள்ள, தெரிஞ்ச ஆளிட்டைக் காட்டு எண்டு சொன்னவ. எனக்குத் தெரிஞ்ச ஆள் நீங்கள்தானே. நல்ல சாமானெண்டால் காசை உங்களிட்டைத் தந்துபோட்டு, கடையிலை ஒரு பவுனை வாங்கி உருக்குவமெண்டுதான் உங்களைக் கேட்டனான். வேறை ஆருக்கு உதிலை விருப்பம்? சாதாரணக் காசெண்டு சொன்னியள். சரி, பெட்டியாவது இருக்கட்டும்."

சந்தை நடுவில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சோளத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்.

"உது சாதாரணக் காசு இல்லையடா. உது புரூஃப். உலகத்திலை ஒரு சிலதுதான் மிச்சம் கிடக்கும். நான் பாக்காமல் சொல்லிப்போட்டன்."

அவன் என் கையிலிருந்த வெறும் பெட்டியைப் பார்த்தான். பக்கத்துக் கடைக்காரன் பிரெஞ்சில் தக்காளியைக் கூவிக்கொண்டிருந்தான். பகிடி விடுவான் என்று பார்த்தேன், விடவில்லை. ஒரேயொரு கேள்விதான் கேட்டான்.

"எப்ப தெரியும் உங்களுக்கு? உருக்க முதலோ, பிறகோ?"

நான் வாயைத் திறந்தேன். திறக்கும்போது உண்மையைத்தான் சொல்லப்போகிறேன் என்றே நினைத்தேன்.

"பிறகுதான்," என்றேன். "பிறகு புத்தகத்திலை பாக்கேக்கை."

அவன் பெருமூச்சு விட்டான். பிறகு என்னைக் கட்டிப்பிடித்தான். "அப்ப ஏன் அண்ணை இவ்வளவு நாளும் இப்பிடி ஒளிச்சுத் திரிஞ்சனீங்கள்? தெரியாமல் செய்ததுதானே. விடுங்கோ. போனது போகட்டும்."

அன்று அவனே என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு வீட்டில் விட்டான். அடுத்த கிழமை அவனுடைய மருமகளும் மகனும் என்னைப் பார்க்க வந்தார்கள். அவன் எல்லாம் சொல்லியிருக்கிறான். அந்தப் பிள்ளை ரொறன்ரோவில் பிறந்தது, தமிழை யோசித்து யோசித்துத்தான் கதைக்கும். சோபாவில் எனக்குப் பக்கத்தில் வந்திருந்து, உடுப்புக்குள்ளிருந்து தாலியை எடுத்து உள்ளங்கையில் வைத்து என் முன்னால் நீட்டியது.

"பெரியப்பா, கவலைப்படாதேங்கோ. அது எங்கையும் போகேல்லை. இஞ்சைதான் இருக்கு."

நான் அந்தப் பிள்ளையின் தலையில் கையை வைத்தேன். என் நண்பன் இப்போது கண்ட கண்ட இடத்திலெல்லாம் எனக்காக வழக்காடுகிறான். "அண்ணை பாவம், தெரியாமல் சொன்னதுக்கு மனுசன் எத்தினை மாதம் சாப்பிடாமல் கிடந்தது தெரியுமோ" என்கிறான். செல்லாக்காசு என்று யாராவது சொன்னால் அவனுக்குக் கோபம் வருகிறது. முப்பது வருடம் பகிடி விட்டவன் பகிடியை நிறுத்திவிட்டான். அந்தப் பகிடியைத் திருப்பித் தா என்று அவனிடம் கேட்கவேண்டும்போல் இருக்கிறது.

நாணயச் சந்தையில் அந்த வயோதிப வியாபாரி சொன்னது என் விஷயத்தில் பிழை. பக்கத்தில் தெரிந்த ஒருவர் இருந்தார். காசைக் கையில் எடுத்தார், வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தார், சிரித்தார், திரும்பத் தட்டத்தில் வைத்தார்.

இதை எழுதி முடிக்க மூன்று ஞாயிற்றுக்கிழமை எடுத்தது. தாள்களை மடித்து அந்தத் தோல் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தேன், மூடி பொருந்தவில்லை. நாளைக் காலை பழைய பஸ்ஸிலேயே போகப்போகிறேன். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், அவன் வழக்கம்போல் ஜன்னல் பக்கம் எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பான். இதைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பேன். புவாண்ட்-கிளேர் வருவதற்கிடையில் வாசித்துவிடுவான்.

தம்பி, நீ சந்தையில் கேட்டாய். உருக்க முதலே எனக்குத் தெரியும்.